கம்பிச் சடக்கில் நடந்த கால்கள்



சிராங்கூன் என்றதும் நம்மவர் மனத்தில் என்னென்ன வருகிறது? தேக்கா சந்தை வருகிறது. மல்லிகைச் சரம் தொங்கும் பூக்கடை வருகிறது. வீரமாகாளியம்மன் கோயில் மணியோசை வருகிறது. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போய்க் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துத் தேடிய கதையும் வருகிறது. ஜொகூர்த் தோட்டங்களில் வாழும் நமக்குச் சிங்கப்பூர் என்றாலே முக்கால்வாசி சிராங்கூன்தான். ஆனால் அந்தச் சிராங்கூன் சாலை தொடக்கத்தில் கடைத்தெருவாக இருந்ததில்லை. அது ஒரு நடைபாதை. 1820களில், ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தையும் காட்டையும் ஊடறுத்து, தீவின் மறுபக்கத்துக்குப் போவதற்காக ஏற்பட்ட தடம். ஆளும் மாடும் நடந்து நடந்து அகலமான தடம் என்றே சொல்லலாம்.

நம் முன்னோர் அந்த வட்டாரத்துக்கு வைத்த பெயர் 'சுண்ணாம்புக் கம்பம்'. சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கே இருந்தன. அப்பால் செங்கல் சூளைகள். எருமைத் தொழுவங்கள் இருந்ததற்கு இன்றும் அங்குள்ள 'எருமைச் சாலை'யும் 'கெர்பாவ் சாலை'யும் சாட்சி. கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாலையை யார் போட்டார்கள்? சிங்கப்பூரின் பழைய சாலைகளில் பெரும்பகுதியைப் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1825-ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து முதல் கூட்டம் வந்தது. 1873-இல் அந்த முறை முடிவுற்றது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் காலில் விலங்குடன் சதுப்பைத் தூர்த்தவர்களும், சிராங்கூன் சாலை, புக்கிட் தீமா சாலை என்று நீட்டிக்கொண்டே போனவர்களும் அவர்களே. புக்கிட் தீமாப் பக்கம் அப்போது புலிக்காடு. வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் மாலையில் திரும்பியதில்லை. ஊரின் பேர்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும், இன்று அதிபர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவையும் எழுப்பிய கைகளும் அவையே. கைதி என்று சொல்லி நாம் முகம் திருப்பிக்கொள்வதில் நியாயமில்லை. அவர்களில் பலர் தண்டனை முடிந்தபின் அந்த ஊரிலேயே குடும்பம் நடத்திக் குடிமக்களாக வாழ்ந்தார்கள்.

நிற்க. இந்தக் கட்டுரையின் பொருள் சிராங்கூன் சாலை மட்டுமன்று. அங்கே புறப்பட்டு நம் ஜொகூர் வரைக்கும் வந்த வேறொரு பாதை. அதை நம் பக்கத்துப் பெரியவர்கள் 'கம்பிச் சடக்கு' என்பார்கள். ரயில் பாதைதான். இப்போது அதில் ரயில் இல்லை, மனிதர்கள் நடக்கிறார்கள். ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் வார இறுதியானால் ஆணும் பெண்ணும் சப்பாத்து மாட்டிக்கொண்டு, முதுகில் பையும் கையில் தண்ணீர்ப் புட்டியுமாகப் பொழுதுபோக்குக்காக நடக்கிறார்கள். நானும் சென்ற பள்ளி விடுமுறையில் இரண்டு ஆசிரிய நண்பர்களோடு ஒருமுறை முழுதாக நடந்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து ஒரே எண்ணம். இன்று உல்லாசமாக நடக்கும் அந்தப் பாதையில் முன்பு கூலிக்காக நாள்தோறும் நடந்தவர்கள் யார்? அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் காவடி எடுக்கிறவர்கள் நடந்து நடந்து எங்கே போய்ச் சேருகிறார்கள்? டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு. நாம் 'செட்டியார் கோயில்' என்கிறோமே, 1859-இல் நகரத்தார் எழுப்பிய கோயில், அதுதான். சிங்கப்பூரின் முதல் ரயில் நிலையம் அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1903-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரைக்கும் வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டிலேயே பாதை வடக்கே உட்லண்ட்ஸ் கடற்கரை வரை எட்டியது. ஆர்ச்சர்ட் சாலைக்குமேல் பாலத்தில் ஏறி, நியூட்டனைத் தாண்டி, குளுனி வழியாகப் போனது அந்த வண்டி.

குளுனிக்கு அடுத்துத்தான் தாவரவியல் பூங்கா. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்து, அவற்றில் ஒரு பகுதி ஊன்றப்பட்ட இடம். ரிட்லி துரை மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டுபிடித்ததும் அதே பூங்காவில். நம் தாத்தா பாட்டிகள் கடல் கடந்ததற்கும், நாம் இன்று இந்தத் தோட்டத்தில் இருப்பதற்கும், இந்தப் பள்ளிக்கூடம் உண்டானதற்கும் ஆதிமூலம் அங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்துப் பாதை 1909-இல் முடிந்தது. கிம்மாசிலிருந்து சிகாமட், லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று இறங்கி ஜொகூர் பாரு வந்தது. (குளுவாங் நிலையத்துக் காப்பியைப் பற்றி எழுதினால் இந்த மலரில் இடம் போதாது.) ஆனால் ஜொகூர் பாருவில் பாதை தண்ணீரில் முட்டி நின்றது. பயணிகள் இறங்கிப் படகேறி அக்கரை போய் வேறு வண்டி பிடிக்க வேண்டும். சரக்கு வண்டிப் பெட்டிகளை அப்படியே தோணியில் ஏற்றிக் கடத்தினார்கள். ரப்பர்ச் சுமை கூடக்கூடத் தோணி தாங்கவில்லை. அதனால்தான் கடற்பாலம் கட்ட வேண்டியதாயிற்று. 1923 செப்டம்பரில் சரக்கு வண்டியும், அக்டோபர் முதல் நாள் பயணிகள் வண்டியும் அதன்மேல் ஓடின. 1924 சூன் 28-ஆம் நாள் முறைப்படி திறப்பு விழா நடந்தது. இன்று நாள்தோறும் விடியற்காலை மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் திட்டிக்கொண்டே கடக்கும் பாலம், தோட்டத்து ரப்பர் தடங்கலின்றிக் கப்பலுக்குப் போவதற்காகவும் கட்டப்பட்டது என்பதை அறிந்தால் கொஞ்சம் பொறுமை வரலாம். வராமலும் போகலாம்!

பிறகு 1932. நகரத்துக்குள்ளே சாலைகளை அடைத்துக்கொண்டு போன பழைய பாதை தொல்லையாகிவிட்டது. புக்கிட் தீமாவிலிருந்து புதிய பாதை ஒன்றைத் திருப்பி, துறைமுகத்துக்கு அருகே தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் கட்டினார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் அது திறக்கப்பட்டது. டேங்க் ரோட்டுப் பாதை பிடுங்கப்பட்டது. ஆகவே இன்று நடக்கிறவர்கள் கவனிக்கட்டும்: கிராஞ்சியிலிருந்து புக்கிட் தீமா வரை காலடியில் இருப்பது 1903-ஆம் ஆண்டுப் பாதை, அதற்குத் தெற்கே இருப்பது 1932-ஆம் ஆண்டுப் பாதை. நடக்கும்போதே வித்தியாசம் தெரியும். தெற்குப் பகுதியில் பாதை சாலைகளோடு மல்லுக்கு நிற்காமல், மேலே பாலமாகவோ கீழே பள்ளமாகவோ ஒதுங்கிப் போகிறது.

பாதையைப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அங்கேதான் வேலை தொடங்குகிறது. ரயில் பாதை என்பது நம் வீட்டுக் கூரை மாதிரி. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மலாயா ரயில்வேயில் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தார்கள். தண்டவாள வேலைக்கோ பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர். இத்தனை மைலுக்கு ஒரு 'கேங்' என்று பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு கேங்குக்கும் ஒரு மண்டோர். தண்டவாளத்துக்கு அருகிலேயே லயம். காலையில் ஒருவர் தோளில் சம்மட்டியும் கையில் ஸ்பேனருமாகப் புறப்பட்டுத் தம் எல்லை முடிய நடப்பார். ஆணி கழன்றிருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா, கட்டை உளுத்திருக்கிறதா, மழையில் மண் அரித்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் கருங்கல் ஜல்லியைக் கட்டைக்கு அடியில் இடித்து இறுக்குவார்கள். வெயிலில் கம்பி நீளும்; இரவில் சுருங்கும். அதற்கு இடம்விட்டுப் பூட்டத் தெரிய வேண்டும். பொறியியல் கல்லூரியில் படித்து வந்த அறிவன்று இது.

என் தாத்தா ரெங்கம் பக்கத்தில் கேங்கு வேலை பார்த்தவர். "கம்பிய காதுல வெச்சுக் கேளுடா, வண்டி எந்தப் பக்கம் வருதுன்னு அதுவே சொல்லும்" என்பார். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவருடைய நடை மட்டும் மாறவில்லை. தார்ச் சடக்கில் போகும்போதும் சின்னச் சின்ன அடியாக, அளந்து வைத்தாற்போல வைப்பார். பிள்ளைகள் நாங்கள் கேலி செய்வோம். ரயில் கட்டைகள் ஏறக்குறைய இரண்டடிக்கு ஒன்றாகக் கிடக்கும். ஒரு கட்டை விட்டு ஒரு கட்டை மிதிக்கலாமென்றால் கால் எட்டாது. கட்டைக்குக் கட்டை மிதித்தாலோ நடை குறுகும். நடுவில் கால் வைத்தால் ஜல்லி குத்தும். ஆகவே அந்தக் கட்டைகளே ஒரு மனிதனின் நடையை வகுத்துவிட்டன. பாட்டி இன்னொரு விதமாகச் சொல்வாள்: "ஒங்க தாத்தா சீமைக்கு வந்ததே நடக்கத்தான். அங்க மாட்டுக்குப் பின்னால நடந்தாரு. இங்க ரயிலுக்கு முன்னால நடந்தாரு."

இப்படி நடந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ரயில்வேயின் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்பூனர் துரையின் பெயரில் சாலை உண்டு. தஞ்சோங் பகார் நிலையத்தை வரைந்த பெட்ரோவிச் என்பவரின் பெயர் ஏட்டில் உண்டு. கேங்கு ஆட்களின் பெயர் சம்பளப் புத்தகத்தில் இருந்திருக்கும். சம்பளப் புத்தகத்தை யார் பாதுகாத்து வைக்கிறார்கள்?

இந்தப் பாதையில் ஒரு துயரமான காலமும் உண்டு. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. சரணடைந்த இடமான ஃபோர்டு தொழிற்சாலை இன்றும் அப்பர் புக்கிட் தீமா சாலையில், இந்த நடைபாதைக்கு அருகிலேயே, நினைவுக் கூடமாக நிற்கிறது. அவ்வாண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளை இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, இந்தப் பாதை வழியாகவே வடக்கே சயாமுக்கு அனுப்பினார்கள். பான்பொங் போய்ச் சேர ஐந்து நாள் வரை ஆகும். பின்னர் நம் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 'போனார்கள்' என்று சொல்வது தவறு. கொண்டுபோகப்பட்டார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், பிறகு ஆசை காட்டாமல் லாரியில் ஏற்றியும் கொண்டுபோனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதையை 1943 அக்டோபருக்குள் முடித்தாக வேண்டுமென்று அடித்து வேலை வாங்கினார்கள். கணக்குகள் வேறுபட்டாலும், மாண்டுபோன ஆசியத் தொழிலாளர் மட்டும் ஏறத்தாழ 90,000 பேர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் தமிழர் பல்லாயிரம். காலரா கண்டவர்களை உயிர் இருக்கும்போதே ஒதுக்கிப் போட்ட கதையை நம் தோட்டங்களில் கேள்விப்படாத குடும்பம் குறைவு. சயாமுக்குப் போனவர் திரும்பி வராததால் பொட்டைக் கலைப்பதா வேண்டாமா என்று தெரியாமலே கிழவியானவர்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் பெயர் பொறித்திருக்கிறார்கள். இதற்கு மேல் நான் எழுதவில்லை.

போருக்குப் பின் நாடுகள் மாறின. 1957-இல் மலாயா விடுதலை பெற்றது. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. ஆனால் ரயில் பாதையும் அதன் இருபக்க நிலமும் மலேசிய ரயில்வேயின் கையிலேயே இருந்தன. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பகுதி 999 ஆண்டுக் குத்தகை. ஒரு நாட்டின் நடுவே இன்னொரு நாட்டின் ரயில் ஓடியது. தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்கினால் வெளியே சிங்கப்பூர், உள்ளே மலேசியா என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1990 நவம்பரில் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பொருள் விளங்குவதில் தகராறு ஏற்பட்டு இருபது ஆண்டுகள் இழுத்தது. 2010 மே மாதத்தில் இரு பிரதமர்களும் பேசி முடித்தார்கள். நிலத்துக்கு ஈடாக மெரினா சவுத்திலும் ரோச்சோர்ப் பக்கத்திலும் வேறு மனைகள் கொடுக்கப்பட்டன.

2011 சூன் 30-ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம், 2024-இல் மாமன்னராகப் பதவியேற்றவர், தாமே இயந்திரத்தை ஓட்டிச் சென்றார். பாதையோரத்தில் மக்கள் திரண்டு நின்று கையசைத்தார்கள். அழுதவர்களும் உண்டு. மறுநாள் முதல் வண்டி உட்லண்ட்ஸோடு நின்றது. அடுத்துத் தண்டவாளங்களைப் பிடுங்கினார்கள்.

அந்த நிலத்தை அடுக்குமாடியாக்காமல் நடைபாதையாகவே விட வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைக் கழகத்தார் 2010-இலேயே திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பொதுமக்களும் குரல் எழுப்பினார்கள். அரசு செவிசாய்த்தது. நிலம் தங்கத்தைவிட விலையான ஊரில் 24 கிலோமீட்டரை நடப்பதற்காக ஒதுக்கியது சிறிய காரியமன்று. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

உலகத்தில் பல இடங்களில் இப்படிச் செய்கிறார்கள். ஸ்பெயின் நாட்டின் தெற்கே அண்டலூசியா என்றொரு பகுதி. அங்கே ஹாயென் என்ற ஊரிலிருந்து புவெந்தே ஹெனில் வரைக்கும் ஒரு ரயில் பாதை ஒலிவ எண்ணெய் ஏற்றிக்கொண்டு ஓடியது. 1980களில் வண்டி நின்றுபோயிற்று. இன்று அது 128 கிலோமீட்டர் நடைபாதை. ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே, சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கிராமங்களை இணைத்துக்கொண்டு போகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மரம், ஒரே வரிசை. படத்தில் பார்த்தபோது நம் ரப்பர் நிரைதான் நினைவுக்கு வந்தது. அங்கும் காய் பறித்தவர்கள் கூலிக்காரர்களே.

இலங்கை மலையகத்தில் கண்டிக்கு அருகே ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட 'பீக்கோ பாதை' என்று ஒன்று ஏற்படுத்தியிருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குள் தொழிலாளர் நடந்த பழைய வழிகளையே இணைத்துச் செய்தது. அங்கே நிலைமை நம்மைவிட நேரடியானது. கூடை சுமந்த பெண்கள் ஒரு பக்கம் நடக்க, அதே வழியில் சுற்றுலாக்காரர் மறுபக்கம் நடக்கிறார்கள். அந்தப் பெண்களின் பாட்டன் பாட்டிமார் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள் என்பதும், வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம் என்பதும் வேறு கதை.

இனி நம் பாதைக்கு வருவோம். நாங்கள் வடக்கே கிராஞ்சியில் தொடங்கினோம். முதல் சில கிலோமீட்டருக்குச் சொல்லும்படியாக எதுவுமில்லை. புல், வாய்க்கால், தூரத்தில் அடுக்குமாடி வீடுகள். மண்டாய்ப் பக்கம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று அடையாளம் தெரியாது. புக்கிட் பாஞ்சாங் தாண்டியதும் காடு நெருங்குகிறது. அப்பர் புக்கிட் தீமா சாலைக்குமேல் ஒரு கறுத்த இரும்புப் பாலம் குறுக்கே நிற்கிறது. அப்பால் குன்றைப் பிளந்த பள்ளத்தில் பாதை இறங்குகிறது. இருபக்கமும் பாறை, பன்னம், குளிர்ச்சி. பன்னிரண்டு மணி வெயிலில் நடந்து வந்த எங்களுக்குக் கோயில் கருவறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பிறகு புக்கிட் தீமா சாலைமேல் இன்னொரு இரும்புப் பாலம், அதை அடுத்துச் செங்கல்லால் கட்டிய சின்னஞ்சிறு புக்கிட் தீமா நிலையம்.

மாணவர்களுக்கு அந்த நிலையத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் என்னாகும்? அதற்காக ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். நிலையத்தார் ஒரு வளையத்தில் கோத்த சாவியை ஓட்டுநரிடம் கொடுப்பார். அந்தச் சாவி கையில் இருக்கிற வண்டி மட்டுமே அடுத்த நிலையம் வரை போகலாம். வண்டி முழுதாக நிற்காது. வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையில் ஒருவர் நிற்பார். ஓட்டுநர் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். கணினிக் காலத்தில், 2011 வரையிலும், அங்கே இப்படித்தான் நடந்தது. இப்போது அந்த நிலையத்தைப் பழமை மாறாமல் செப்பனிட்டு 2022-இல் மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். முன்னால் கொஞ்ச தூரம் தண்டவாளமும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதன்மேல் கையை விரித்துக்கொண்டு நடந்து படமெடுக்கிறார்கள் பிள்ளைகள். நான் கட்டைகளின் இடைவெளியைக் காலால் அளந்து பார்த்தேன். தாத்தா வைத்த அடி அதுதான்.

தெற்கே போகப் போக ஊர் நெருங்குகிறது. குவீன்ஸ்வே அருகே வந்ததும் எங்களில் ஒருவர், "சார், இங்கதான் முனியாண்டி இருந்தாரு" என்றார். 1932-இல் புதிய பாதை வந்தபோது, ரயில்வேயில் வேலை செய்த நம்மவர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சிறிய குடிசையாகப் போட்டு முனீசுவரனை வைத்தார்கள். பயல்கள் எங்கே போனாலும் காவலுக்கு ஒரு சாமியை வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள்! நம் தோட்டத்து எல்லையில் இருப்பவரும் அவர்தானே. அந்தக் குடிசை வளர்ந்து, 1998-இல் காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாயிற்று. பாதையிலிருந்து ஒதுங்கிப் போய் நாங்கள் கும்பிட்டோம். துரைமார் பெயரைச் சாலைக்கு வைத்தார்கள். கட்டடம் வரைந்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். கேங்கு ஆட்கள் அந்த வழியில் தாங்கள் இருந்ததற்கு வைத்த அடையாளம் இந்தக் கோயில் ஒன்றுதான் என்று அங்கே நின்றபோது தோன்றியது. நாள் முழுவதும் நடந்ததில் நான் கண்டவற்றுள் எனக்குப் பெரியதாகப் பட்டது பாலமுமன்று, நிலையமுமன்று, அதுவே.

முடிவில் தஞ்சோங் பகார். அதற்குச் சற்று முன்னால் ஸ்பூனர் சாலையில் ரயில்வே ஊழியர் குடியிருந்த இரண்டு மாடிக் கட்டடங்கள், கெமுனிங், மெலாத்தி என்று பூப்பெயர் தாங்கி நிற்கின்றன. நிலையத்தின் முகப்பில் நான்கு வெண்சிலைகள்: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். 2011-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. உள்மண்டபத்தின் உயர்ந்த சுவரில் மலாயா வாழ்க்கையைக் காட்டும் ஓவியங்கள் உண்டு. நெல் நடவு, கொப்பரை, ஈயச் சுரங்கம், மாட்டு வண்டி, கப்பல், அவற்றோடு ரப்பர் மரம் வெட்டும் காட்சியும். அந்த ஓவியங்களைச் செய்த ஓடுகளே ரப்பரால் ஆனவை. நாம் வெட்டிய பாலை உறையவைத்து, அதிலேயே நம் வேலையைச் சித்திரமாக எழுதி, பெரிய மனிதர்கள் வந்துபோகும் மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள்! படத்தில் இருப்பவருக்குப் பெயர் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வரும் விடுமுறையில் போக நினைப்பவர்களுக்கு: லார்க்கினிலிருந்து 170-ஆம் எண் பேருந்து கிராஞ்சி வழியாகப் போகிறது. அது புக்கிட் தீமா சாலையைப் பிடித்துப் பெரும்பாலும் இந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுவதால், கால் வலித்தால் எங்கு வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். தேக்காவுக்கு அருகிலேயே இறக்கிவிடும். காலை ஏழு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். நாங்கள் ஏழு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். வழியெல்லாம் கடை இருக்காது, தண்ணீர் கொண்டுபோங்கள். ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், நடக்க முடியாவிட்டாலும் புக்கிட் தீமா நிலையம் வரைக்கும் கூட்டிப்போங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கட்டும். எந்த மைலில் எந்தக் கேங்கு, மண்டோர் யார், லயம் எங்கே இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை என்னிடம் கொடுத்தால் அடுத்த ஆண்டு மலரில் போடலாம். ஆறாம் ஆண்டு மாணவர் நால்வர் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.